ஜிப்பை மூடிட்டு வா

5 மார்ச் 2025, புதன்

இன்றும் காலையில் அதே கதை. பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே ராமசெல்வி மாடியிலிருந்து இறங்கி வந்து, "மதினி, கேஸ் வாடை அடிக்கில்லா?" என்றாள். என் தம்பி பாரியைக் கட்டிக்கொண்டு கடையத்திலிருந்து இந்த விம்கோ நகருக்கு வந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அண்ணி என்போம், அவள் ஊரில் மதினியாம். சரி, கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். இந்த வாடைப் பேச்சைத்தான் விட மாட்டேன் என்கிறாள்.

மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தாலும்தான் என்ன? மேற்கே ஆலைகள் பக்கமிருந்து காற்று வந்தால் ஒரு வாடை, வடக்கே இருந்து வந்தால் இன்னொன்று. நாற்பத்திரண்டு வருடமாக இந்தக் காற்றைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறேன். வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான் வைத்தியம். "ஜன்னலை மூடிட்டு வேலையைப் பாரு. உனக்கு மூக்கு கொஞ்சம் நீளம்" என்றேன். வரதன் சிரித்தார். ராமசெல்வியும் சிரித்தாள். என் வீட்டுக்காரர் சிரிக்கிறாரே என்று சிரித்தாளோ என்னவோ.

லேபில் இன்று சர்க்கரைப் பரிசோதனை முகாம். அறுபது பேருக்கு ரத்தம் எடுத்தேன். விரல் மரத்துவிட்டது.

சாயங்காலம் பாரி போனில் ஒரு படம் காட்டினான். பழவேற்காடு ஏரிக்கரையில் பெரிய துணிக் கூடாரம். உள்ளே மெத்தை, மின்விசிறி, குளியலறை. பேர்தான் கூடாரம், கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை ரூம் தோற்றுவிடும். அவர்கள் கல்யாண நாளுக்கு நாலு பேரும் போகலாம் என்கிறான்.

"சாப்பாடு?"

"அதாங்க்கா அங்க விசேஷம். அவங்க தர மாட்டாங்க. அடுப்பு, பாத்திரம் எல்லாம் கீது, நாமளே சமைச்சுக்கணும்."

லீவு போட்டுப் போய் நாமே சமைப்பதா? நன்றாக இருக்கிறது நியாயம்.

8 மார்ச், சனி

அந்தக் கூடாரத்தைத் தேடிப் பிடித்தது பாரி இல்லை, ராமசெல்வி. இன்று துணி காயப்போடும்போது அவளே சொன்னாள். "அங்க ரெண்டு நாளும் நான் சமைக்கேன் மதினி. நீங்க அடுப்பு பக்கமே வரப்படாது."

"சரிம்மா, மகாராணி மாதிரி உக்காந்து சாப்பிடறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அம்மா போனபோது எனக்குப் பதினேழு, பாரிக்கு ஒன்பது. அன்றைக்குக் கையில் எடுத்த கரண்டி, இன்னும் கீழே வைக்கவில்லை. ராமசெல்வி வந்த பிறகும் அவள் காய் நறுக்குவாள், அரிசி களைவாள். தாளிப்பது நான். அவளுக்கும் மாடியில் ஆரி ஊசி வேலை கழுத்து வரை இருக்கிறது. ராயபுரத்துக் கல்யாணப் பெண்கள் எல்லாம் ரவிக்கைக்கு இவளிடம்தான் வருகிறார்கள், சட்டத்தில் துணியைக் கட்டிக் குனிந்தால் மூன்று மணி நேரம் நிமிர மாட்டாள்.

வந்த புதிதில் ஒரு தடவை சொதி வைத்தாள். தேங்காய்ப்பால் குழம்பு, அவள் ஊர்ப் பக்கத்துச் சமையல். வரதன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவளைச் சொதி வைக்க நான் சொன்னதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன.

12 மார்ச், புதன்

கூடாரத்துக்காரர்கள் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். சமையல் வசதி: இரண்டு பர்னர் அடுப்பு, ஐந்து கிலோ சிலிண்டர், கடாய் ஒன்று, குக்கர் ஒன்று, சட்டி இரண்டு, தட்டு டம்ளர் நாலு பேருக்கு, வெளியே கரி போட்டுச் சுட ஓர் அடுப்பு. எண்ணெய், உப்பு, மசாலா நாம் கொண்டுபோக வேண்டும்.

அவர்கள் கத்தியை நம்பிப் போக முடியுமா? நம்முடையது ஒன்று எடுத்து வைத்தேன். கத்தி என்றால் பலகை வேண்டும். பிறகு மீன் மசாலா, புளி, இரண்டு தேங்காய், நம் கடாய், நம் கரண்டி. மூன்று பை ஆகிவிட்டது.

வரதன் வேலை முடிந்து கன்டெய்னர் யார்டிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா எழிலு, ரெண்டு நாளைக்குப் போறோமா, இல்ல வூட்டைக் காலி பண்ணினு போறோமா?"

ராமசெல்வி பையைப் பார்த்தாள். அவள் எடுத்து வைத்திருந்தது ஒரு சின்னத் துணிப்பை. உள்ளே சொதிக்குப் பாசிப்பருப்பும் இஞ்சியும் எலுமிச்சம்பழமும்.

14 மார்ச், வெள்ளி

மாவு ஆட்டிவிட்டேன். இட்லித் தட்டையும் சட்டிக்குள் வைத்துக் கட்டியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

15 மார்ச், சனி. பழவேற்காடு

ஏரியைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். என் வாழ்நாளில் கூடாரத்தில் உட்கார்ந்து டைரி எழுதுவேன் என்று யார் நினைத்தது!

இடம் நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய கூடாரத்தில் இரண்டு தடுப்பு, ஆளுக்கொரு ஜோடி. பக்கத்தில் ஒட்டினாற்போலச் சமையலுக்கு ஒரு சின்னத் துணி அறை. கதவும் ஜிப், ஜன்னலும் ஜிப். நான் சொன்னது போலவே அவர்கள் கத்தி மொட்டை. கடாய் அப்பளம் மாதிரி மெலிசு. சுவரில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பாரி ஒவ்வொன்றாகப் படித்தான். சமைத்து முடித்ததும் சிலிண்டரை அடைக்க வேண்டுமாம், சமையல் அறையின் வலை ஜன்னல்களை மூடக் கூடாதாம், துணிக்குப் பக்கத்தில் அடுப்பை நகர்த்தக் கூடாதாம். "இருபத்தஞ்சு வருஷமா சமைக்கிறவளுக்கு இவனுங்க பாடம் எடுக்கிறாங்க" என்றேன்.

கூடாரத்தைப் பார்த்துக்கொள்பவர் பஷீர், ஐம்பது வயது இருக்கும். நோன்பு பிடித்திருக்கிறார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வெயிலில் நடந்துபோய் எங்களுக்காகப் படகுக்காரர்களிடம் மடவை மீனும் இறாலும் வாங்கி வந்தார். எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மத்தியானம் ராமசெல்வி சொதி வைத்தாள். நான் வெளியே நாற்காலியில்தான் இருந்தேன். பத்து நிமிடம் இருந்திருப்பேன். மீன் கெட்டுவிடுமே என்று உள்ளே போனேன். துணைக்குத்தான் போனேன். இரண்டாவது பர்னரில் கடாயை வைத்து மீனை வறுத்தேன். "தேங்காய்ப்பால் திரியப் போவுது, தணலைக் குறை" என்றேன். குறைத்தாள். "உப்பு போட்டியா?" என்றேன். போட்டேன் என்றாள். நான் கொஞ்சம் போட்டேன்.

சொதி உப்புக் கரித்தது. குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். எல்லாரும் மீனை இரண்டாம் தடவை கேட்டார்கள். ராத்திரிக்கு மாவு இருக்கிறது என்று நான் இட்லித் தட்டை எடுத்ததும் ராமசெல்வி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு, "சரி மதினி, நீங்களே ஊத்துங்க" என்று ஏரிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

எட்டரை மணி. சாப்பாடு ஆயிற்று. ஆண்கள் இரண்டு பேரும் படகுத்துறைப் பக்கம் நடக்கப் போயிருக்கிறார்கள். வெந்நீர் வைத்துக் குடித்துவிட்டு வந்த ராமசெல்வி சற்று முன் என் முன்னால் வந்து நின்றாள். "மதினி, அடுப்பு ரூம்ல கேஸ் வாடை அடிக்கி. சிலிண்டரப் பாக்கவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கேயுமா? அது தெக்குக் காத்துடி. நம்ம ஊரு வாடை, உன்னை விட்டுட்டு இருக்க முடியாம பின்னாடியே வந்துடுச்சு. ஜன்னல் ஜிப்பையெல்லாம் மூடிட்டு வா, கொசு வேற வருது."

மூடிவிட்டு வந்து படுத்துவிட்டாள். நல்ல பெண்தான். சொன்னால் கேட்பாள்.

17 மார்ச், திங்கள்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை ஆறு மணி. நான் விழித்துத்தான் படுத்திருந்தேன். அவள் எழுந்து போகும் சத்தம் கேட்டது. டீ போடப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் சேர்த்துப் போடுவாள் என்று நினைத்தேன். ஜிப் திறக்கிற சத்தம். லைட்டரைத் தட்டும் சத்தம் – ஒரு தடவைதான்.

பெரிய வெடி எல்லாம் இல்லை. ஈரப் போர்வையை ஓங்கி உதறினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்புறம் அவள் அலறல்.

நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் பஷீர் வந்துவிட்டார். நோன்புக்குச் சாப்பிட்டுவிட்டு விழித்திருந்தவர். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்து, குழாயடிக்கு இழுத்துப்போய் அவள் கை மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். "தண்ணிய நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்று கத்தினார். நான் நின்றுகொண்டிருந்தேன். லேபில் வேலை பார்ப்பவள். முதலுதவி எல்லாம் எனக்குத் தெரியும். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பொன்னேரியில் முதலுதவி, பிறகு சென்னைக்கு. வலது கை முழங்கை வரைக்கும், கழுத்தில் வலது பக்கம், புருவம், முன்தலை முடி. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். கைதான் பார்க்க வேண்டும் என்றார்.

ஊசி பிடிக்கிற கை.

தினமும் அடுத்தவர் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள் நான். அந்தக் கையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

18 மார்ச், செவ்வாய்

சனிக்கிழமை எழுதியதைப் படித்தேன்.

20 மார்ச், வியாழன்

கூடாரத்துச் சொந்தக்காரர் பாரிக்குப் போன் செய்தார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டோம். அடுப்பில் சொருகுகிற இடத்தில் ரப்பர் டியூப் விரிசல் விட்டிருந்ததாம். அது தங்கள் தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டார். "ஆனா சிலிண்டரை அடைச்சிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காதுங்க. ஜன்னல் ஒண்ணு திறந்திருந்தாக்கூட வெளிய போயிருக்கும். எல்லா ஜிப்பும் மூடிக் கெடந்துச்சு. நோட்டீஸ்ல போட்டிருக்கோமே. கடைசியா அடுப்ப யூஸ் பண்ணது யாருங்க?"

பாரி வார்டுக் கதவைப் பார்த்தான். "என் ஒய்ஃப்" என்றான்.

வரதன் போனைப் பிடுங்கினார். "கலீஜ் டியூப்ப மாட்டி வெச்சிட்டு நோட்டீஸு ஒரு கேடா? பேஜாரு பண்றியா நீ?" வார்டு நர்ஸ் வந்து அதட்டினாள்.

அவர் கோபமும் நியாயம்தான். டியூப் அவர்கள் தப்பு. அதைப் பிடித்துக்கொண்டு நானும் இரண்டு வார்த்தை திட்டினேன். திட்டத் திட்டக் கொஞ்சம் லேசானது மாதிரிகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. டியூப் விரிசல் விட்டது சரி, அதை வாடையாக ஒருத்தி வந்து சொன்னாளே? சொன்னாளே என்னிடம்?

24 மார்ச், திங்கள்

இன்று கட்டு மாற்றினார்கள். அவள் உதட்டைக் கடித்த கடியில் ரத்தம் வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பாரிக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது அவன் கத்துவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"தினம் தினம் வாடை அடிக்குது வாடை அடிக்குதுன்னு எங்க உயிர எடுப்பியே. அன்னிக்கி மட்டும் எங்க போச்சு உன் மூக்கு? ஒரு வால்வ அடைக்கத் தெரியாது?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன்? "விடுடா, வலியில கெடக்கிறா, அவளைப் போய்த் திட்டறியே" என்றேன். சமாதானம் பண்ணி வைத்தேனாம்! பக்கத்துக் கட்டில் அம்மா என்னிடம், "உன்ன மாதிரி நாத்தனார் யாருக்கும்மா கெடைக்கும்?" என்றாள்.

அந்த இடத்தில் தரை பிளந்திருக்கலாம்.

26 மார்ச், புதன்

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருக்கிறார்கள். பிடிக்குமா என்று ஒரு வாரத்தில் தெரியும்.

30 மார்ச், ஞாயிறு

பாரி குளிக்க வீட்டுக்குப் போயிருந்தான். நானும் அவளும் மட்டும். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது கரண்டியில் கேட்டுவிட்டேன்.

"ஏன் ராமசெல்வி சொல்லல? நான்தான் மூடச் சொன்னேன்னு, ஏன் பாரிகிட்ட சொல்லல?"

விழுங்கி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "சொல்லி என்ன மதினி? கை திரும்பி வருமா? அவுகளுக்கு நீங்கதான் அம்மா மாதிரி. நடுவுல நான் போயி..."

"காலையில உள்ளே போனப்போ... உனக்கு வாடை அடிக்கலையா?"

இதை எதற்குக் கேட்டேன்? அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவாள் என்று ஆசைப்பட்டேனா? ஆமாம். ஆசைப்பட்டேன்.

"அடிச்சுது மதினி. நல்லாவே அடிச்சுது. லைட்டரை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம், ஊரு வாடைன்னு நீங்க சொன்னீங்கள்லா, எனக்குத்தான் மூக்கு நீளம்னு நெனச்சுக்கிட்டேன். மூணு வருசமா அதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால் வெந்துவிட்டது என்று சொல்வாளே, அந்த மாதிரிச் சொன்னாள். மிச்சக் கஞ்சியை ஊட்டினேன். கரண்டியிலிருந்து கழுத்துக் கட்டு மேல் இரண்டு சொட்டு விழுந்தது. அவளே இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

ஜன்னல் ஜிப்பைச் சனிக்கிழமை மூடச் சொன்னது ஒரு தப்பு. அது ஒரு நாள் தப்பு. நல்ல மூக்கோடு வந்த பெண்ணை, அது பொய் சொல்கிற மூக்கு என்று மூன்று வருடமாக நம்ப வைத்திருக்கிறேனே. அது?

என் ஊரைக் குறை சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். நாங்கள் எல்லாம் சகித்துக்கொண்டு இருப்பதை இவள் மட்டும் ஏன் சகிக்கக் கூடாது என்று கோபம். அவ்வளவுதான் விஷயம். வாடை இருந்தது. எனக்கும் ஒரு காலத்தில் அடித்திருக்கும்.

5 ஏப்ரல், சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். தோல் பிடித்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாக மடங்கவில்லை. தினமும் பயிற்சி செய்ய வேண்டும், பிறகு ஒரு வருடத்துக்கு இறுக்கமான கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

கீழே நான் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டால் மாடியில் அவள் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். பாரி சொன்னான்.

இன்று சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை மாடிப்படி ஏறினேன். மூன்று தடவையும் எதையாவது கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஒரு தடவை ரசம். ஒரு தடவை துண்டு. ஒரு தடவை சும்மா.

9 ஏப்ரல், புதன்

சொல்லவில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

சொல்லிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. இந்த நோட்டைத்தான் கொடுத்தேன். மார்ச் பதினைந்தாம் தேதிப் பக்கத்தைப் பிரித்துப் பாரி கையில் வைத்தேன். வரதனும் பக்கத்தில் இருந்தார்.

நின்றுகொண்டே படித்தான். என் தம்பிக்குப் படிக்கும்போது உதடு அசையும், நான்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். 'நல்ல பெண்தான், சொன்னால் கேட்பாள்' என்ற இடத்தில் அந்த உதடு இரண்டு தடவை அசைந்தது. அதற்கப்புறம் இருந்த பக்கங்களையும் புரட்டினான். நான் தடுக்கவில்லை.

நோட்டை மேசை மேல் வைத்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சத்தமே இல்லாமல் பேசினான்.

"ஒரு மாசமா அவளப் போட்டுத் திட்டிகினு இருந்தேன்கா. ஆஸ்பத்திரில, வூட்ல, எல்லா எடத்துலயும். அவ வாங்கிக்கினு படுத்துகினு இருந்தா. நீ பக்கத்துல உக்காந்து பாத்துகினு இருந்தே."

"பாரி..."

"என்னியவே திட்டியிருக்கலாம் நீ. 'கம்முனு இருடா, நான்தான்டா சொன்னேன்'னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்தக்கா."

மாடிக்குப் போய்விட்டான். வரதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா பண்றது எழிலு, நானுந்தான் சிரிச்சேன் அந்தப் பொண்ணப் பாத்து" என்றார். அவர் சிரித்தது என்னால். அதையும் சேர்த்து என் பேரில்தான் போட வேண்டும்.

நாளை அம்பேத்கர் பிறந்தநாள். தெரு முழுக்க நீலக்கொடி கட்டுகிறார்கள். எல்லா வருடமும் பந்தல் வேலை பாரிதான். இந்த வருடம் கூப்பிட வந்த பையன்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

16 ஏப்ரல், புதன்

இரண்டு பேரும் தென்காசி ரயிலில் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்றான் பாரி. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. ராமசெல்வி வாசலில் நின்று, "வாரேன் மதினி, மாத்திரை போட மறந்துராதீங்க" என்றாள். எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது அவளுக்குத்தான் ஞாபகம்.

17 ஏப்ரல், வியாழன்

நாலு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

4 மே, ஞாயிறு

மாடியைக் கூட்டினேன். ஆரிச் சட்டத்தில் பாதி முடித்த ரவிக்கை ஒன்று அப்படியே இருக்கிறது, மயில் கழுத்து வரைக்கும் வந்து நின்றுவிட்டது. யாருடைய கல்யாணத்துக்கோ. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும்.

11 மே, ஞாயிறு

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். எதற்கு வந்தீர்கள் என்றார். மூக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். ஏதேதோ சீசாவைக் காட்டி முகரச் சொன்னார். கிராம்பு தெரிந்தது. காபித்தூள் தெரிந்தது. மற்ற இரண்டில் ஒன்றை எலுமிச்சை என்று சொன்னேன், தப்பாம். மோப்பம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இந்த வயசுக்கு இது அதிகம்தான் என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார்.

வீட்டுக்கு வந்து தெருவில் இறங்கியதும் நின்று நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஏதோ இருக்கிறது மாதிரியும் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

25 மே, ஞாயிறு

பாரி வரதனுக்குப் போன் செய்தானாம். பெரம்பூரில் வீடு பார்த்துவிட்டான். ராயபுரத்தில் அவன் பார்க்கிற வேலையை விட முடியாது, அதற்கு மேல் தூரம் போக வழியில்லை. சில நாள் இந்தக் காற்று அங்கேயும் எட்டிப் பார்க்கும். ராமசெல்விக்கும் தெரியும், சரி என்றிருக்கிறாள்.

என்னிடம் பேசவில்லை. "அக்கா நல்லா கீதா?" என்று கேட்டானாம். அதையே இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

5 ஜூன், வியாழன்

ராமசெல்வி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்களாம். "நாத்தனார்தானே மதினி காய்ச்சணும். நீங்கதான் வரணும்."

வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

8 ஜூன், ஞாயிறு

பெரம்பூர் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். மாலை ஆறு.

ஏழரைக்கு நல்ல நேரம் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். ஏழு மணிக்கே போய்விட்டோம். இரண்டாம் மாடி, சின்ன வீடு, சுண்ணாம்பு அடித்த ஈரம் இன்னும் காயவில்லை. பாரி கதவைத் திறந்து, "வா" என்றான். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அந்த ஒரு எழுத்து.

புது அடுப்பு, புது சிலிண்டர். மஞ்சள் பூசிப் பூ சுற்றி வைத்திருந்தார்கள். ராமசெல்வி அடுப்படிக்குள் வரவில்லை. அடுப்பு பக்கத்தில் அவள் இன்னும் நிற்பதில்லையாம், கடையத்திலும் அம்மாதான் எல்லாம். கையுறை போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடியில் நின்றாள். அவள் அம்மா பாலைச் சட்டியில் ஊற்றினார். பாரி சிலிண்டரைத் திறந்தான். லைட்டரை என் கையில் கொடுத்து, "ஏத்துக்கா" என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சை இழுத்தேன். பூ வாசனை. சுண்ணாம்பு. வேறு ஏதாவது? இருக்கிறதா? இல்லையா?

"எனக்குத் தெரியல" என்றேன்.

"இன்னா தெரியல?" என்றார் வரதன்.

"வாடை இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியல. ராமசெல்வி, நீ வந்து பாரு. நீ சொன்னாத்தான் பத்தவைப்பேன்."

அவள் தயங்கினாள். அங்கிருந்து அடுப்படி வாசல் வரைக்கும் ஏழெட்டு அடி இருக்கும். நடந்து வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்தாள். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"லேசா அடிக்கி மதினி" என்றாள். சொல்லிவிட்டு உடனே, "இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ" என்றாள்.

"நல்ல நேரம் போயிரும்ட்டி" என்றார் அவள் அம்மா. "பெயிண்டு வாடையா இருக்கும்மா, புது வூடுல்ல" என்றார் வரதன். பாரி சிலிண்டரைக் குனிந்து பார்த்தான்.

லைட்டரைக் கீழே வைத்தேன். சிலிண்டரை நானே அடைத்தேன். ஜன்னலைத் திறந்தேன், கதவைத் திறந்தேன். "எல்லாரும் வெளிய வாங்க. ஆளைக் கூப்பிடு பாரி."

கேஸ் ஆள் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தனை பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஏழரை போனது, எட்டரையும் போனது. அவன் வந்து சோப்பு நுரை போட்டுப் பார்த்தான். குமிழி வரவில்லை. "ஒண்ணும் இல்ல மேடம், டைட்டா கீது" என்றான். எல்லாரும் ராமசெல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்தது. அந்தக் குனிவு எனக்குத் தெரியும். மூன்று வருடம் பார்த்திருக்கிறேன்.

"அவளுக்கு அடிச்சுதுன்னா அடிச்சுதுதான்" என்றேன். "இன்னொரு தபா பாருங்க. எல்லா எடத்தையும் பாருங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தான். அப்போதும் ஒன்றும் இல்லை. பெயிண்ட்தானோ என்னவோ. ராமசெல்வி மறுபடி வாசலில் வந்து நின்று மூச்சை இழுத்து, "இப்ப இல்ல மதினி" என்று சொன்ன பிறகுதான் பற்றவைத்தேன். பால் பொங்கும்போது மணி பத்து ஆகியிருந்தது. அவள் அதுவரைக்கும் அந்த நிலையைவிட்டு நகரவில்லை.

கிளம்பும்போது, ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொன்னேன். "பாப்போம் மதினி" என்றாள். அவள் இனி விம்கோ நகருக்கு வரமாட்டாள். பாரி வாசல் வரைக்கும்தான் வந்தான். ஏன் என்று இரண்டு பேரையும் கேட்க எனக்கு வாயில்லை.

வரும் வழியெல்லாம் அந்த மாடிப்படியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என் பக்கத்துப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சும்மா காற்று வாங்கிக்கொண்டு இருந்தோம். வாடை அடிக்கிறது என்று அவள் சொன்ன அன்றைக்கெல்லாம் என் வீட்டு வாசலில் இப்படி அவளோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அப்போது நேரம் இருந்தது.